ஹோண்டா சக்கரம் ஹூண்டாயில் ஏறுமா?

ஒரு காரிலிருந்து கழற்றிய சக்கரம் இன்னொரு காரில் சரியாக உட்கார ஏழெட்டு அளவுகள் ஒத்துப்போக வேண்டும். பழைய சக்கரம் வாங்க வருபவர் வழக்கமாகக் கேட்பது இரண்டே இரண்டு: எத்தனை இஞ்ச், எத்தனை ஓட்டை. மீதி அளவுகள் சக்கரத்தின் முதுகுப் பக்கத்தில், மாட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. தவறு நடப்பதும் அங்கேதான்.

சென்னையின் மேற்குப் புறநகருக்குச் சக்கரம் புதிதல்ல. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் வேர்விட்டது. டன்லப்பின் டயர் ஆலையும் அம்பத்தூரில்தான் இருந்தது. கார், லாரி, டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா 1960-ல் பாடியில் தொடங்கியது. ஆவடியில் மட்டும் சக்கரத்தின் மேல் சங்கிலிப் பட்டையைப் போட்டு டாங்கியாக வெளியே அனுப்பினார்கள். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ பிறந்தது. இத்தனைக்கும் நடுவே அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள். அரை மில்லிமீட்டரைக் கடைந்து தருவது அங்கே அன்றாட வேலை. அதனால் இந்த வட்டாரத்தில் சக்கரம் ஏறவில்லை என்றால் முதலில் வரும் யோசனை, “லேத்தில் கொடுத்து ஒரு மில்லி எடுத்துக்கொள்ளலாம்” என்பதுதான். சில இடங்களில் அது சரியான யோசனை. சில இடங்களில் ஆளைக் கொல்லும் யோசனை.

இரும்புச் சக்கரம் இரண்டு துண்டு. நீளப் பட்டைத் தகட்டை வளையமாகச் சுருட்டி, முனைகளை ஒட்டவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு விளிம்பு எடுத்தால் ரிம். கனமான தகட்டை அச்சில் அழுத்தி, நடுவில் பெரிய துளையும் சுற்றிச் சிறிய துளைகளும் போட்டால் டிஸ்க். டிஸ்க்கை ரிம்முக்குள் இறுக்கமாகச் செருகி வெல்டிங் வைத்தால் சக்கரம் தயார். மெக்கானிக்குகள் முழுச் சக்கரத்தையே ‘டிஸ்க்’ என்றுதான் சொல்வார்கள். பிரேக் டிஸ்க் என்று தனியாக ஒன்று இருப்பதால் புதிதாக வருபவரைச் சற்றுக் குழப்பும். அலாய் வீலில் இந்த இரண்டும் ஒரே வார்ப்பு.

முதல் அளவு, நட்டுத் துளைகள் அமைந்த கற்பனை வட்டத்தின் விட்டம். கடைத் தெருவில் இதன் பெயர் பி.சி.டி. சான்ட்ரோ, ஐ10, ஹோண்டா சிட்டி, டொயோட்டா எட்டியோஸ், 2005-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட் எல்லாம் நான்கு துளை, 100 மி.மீ. பழைய மாருதி 800 நான்கு துளை, 114.3. ஃபோர்டு ஐக்கான், ஃபிகோ நான்கு துளை, 108. ஃபியட் பாலியோ நான்கு துளை, 98. ஃபோக்ஸ்வாகன் போலோ ஐந்து துளை, 100. இன்னோவாவும் கிரெட்டாவும் ஐந்து துளை, 114.3. ஜிப்சிக்கும் பழைய ஜீப்புக்கும் ஐந்து துளை, 139.7. புள்ளிக்குப் பின்னால் எண் வரும் இந்த வினோத அளவுகள் இஞ்ச் காலத்தின் மிச்சம்: நாலரை இஞ்ச் 114.3, ஐந்தரை இஞ்ச் 139.7.

நான்கு துளைச் சக்கரத்தில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு வெர்னியர் வைத்தால் விடை கிடைத்துவிடும். ஐந்து துளையில் எதிர்த் துளை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுத் தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்க வேண்டும். 67.2 மி.மீ. வந்தால் அது 114.3.

கையால் தள்ளினால் ஏறிவிடுகிறது என்பதை வைத்து முடிவெடுக்கும் பழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது. 98-க்கும் 100-க்கும் இடையே ஒவ்வொரு துளையிலும் விலகல் ஒரு மில்லிமீட்டர்தான். துளைக்கும், அதில் நுழையும் மரையிட்ட தண்டான ஸ்டட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி அதை விழுங்கிவிடும். சக்கரம் ஏறும், நட்டும் ஓடும். ஆனால் நட்டின் கூம்பு முகம் துளையின் கூம்புக்குள் முழுச் சுற்றாக உட்காராமல் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். ஸ்டட் இறுக்கத்தோடு வளைவையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவு கூடிக் குறைந்து, இரும்பைக் களைப்படைய வைக்கும். ஸ்டட் ஒடிவது பெரும்பாலும் இறுக்கும்போது அல்ல, ஓடும்போது.

துளைகளை நீளவாக்கில் அரைத்து 100-ஐ 108 ஆக்குவதும், பழைய துளையை வெல்டிங்கால் அடைத்துப் பக்கத்தில் புதுத் துளை போடுவதும் நடக்கிற வேலைகளே. இரண்டுமே கூடாது. பி.சி.டி. ஒத்துவராத சக்கரத்தை வாங்காமல் விடுவதே சிக்கனம். இரண்டு வகைத் துளையும் கொண்ட அலுமினியத் தட்டை நடுவில் வைத்து மாற்றும் வழி உண்டு. ஆனால் முதல் வரிசை நட்டுகள் அந்தத் தட்டுக்குள்ளேயே மறைய வேண்டும் என்பதால் தட்டு 20 மி.மீ.க்குக் குறையாது. சக்கரம் அவ்வளவும் வெளியே தள்ளிப்போகும்.

அடுத்தது நடுத் துளை. லேத் பட்டறைக்கு நியாயமான வேலை இருப்பது இதில்தான். சக்கரம் வந்து உட்காரும் ஹப்பின் நடுவே ஒரு மேடு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடுத் துளை அதன் மேல் சரியாக உட்கார்ந்தால் சக்கரம் தானாகவே மையத்துக்கு வந்துவிடும். ஐ10, ஸ்விஃப்ட், எட்டியோஸ் மூன்றுக்கும் 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டிக்கு 56.1. ஃபோக்ஸ்வாகனுக்கு 57.1, ஃபோர்டுக்கு 63.4.

இருங்காட்டுக்கோட்டையில் 2007-ல் வந்த ஐ10 ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 13 இஞ்ச் இரும்புச் சக்கரம், 155/80 ஆர்13 டயர். அதில் பழைய சிட்டியின் 14 இஞ்ச் அலாய் வீலை மாட்ட வேண்டும். துளை நான்கு, நூறு, இரண்டுக்கும் ஒன்றே. நடுத் துளைதான் ஹப்பைவிட 2 மி.மீ. பெரியது. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் காற்று. இந்தக் காற்றை அடைக்க வெளி விட்டம் 56.1, உள் விட்டம் 54.1 கொண்ட வளையம் ஒன்று போதும். பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கிறது, லேத்திலும் கடைந்து வாங்கலாம். கையில் எடுத்தால் வளையல் கனம்கூட இல்லாத பொருள், ஒரு மில்லிமீட்டர்ச் சுவர். இது வண்டியின் எடையைத் தாங்குவதற்காக அல்ல. நட்டு இறுகும் வரை சக்கரத்தை நடுவில் பிடித்து வைப்பதற்காக.

வளையம் போடாமல் ஓட்டினால் என்ன ஆகும்? வேலப்பன்சாவடி, பூந்தமல்லி நெரிசலில் ஒன்றும் தெரியாது. பெங்களூர் சாலையில் வேகம் 80-ஐத் தொடும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு 12 முறை சுற்றுகிறது. டயரோடு 15 கிலோ இருக்கும் சக்கரம் 0.3 மி.மீ. மையம் விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரண்டரை கிலோ எடைக்குச் சமமான இழுப்பு மேலும் கீழும் வந்து போகும். உரிமையாளர் வீல் பேலன்ஸிங் செய்யப் போவார். இயந்திரம் பூஜ்ஜியம் காட்டும். மறுபடியும் நடுங்கும், மறுபடியும் போவார். பேலன்ஸிங் இயந்திரம் சக்கரத்தை அதன் நடுத் துளையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அங்கே சக்கரம் மையத்தில் இருக்கிறது, காரில் இல்லை. எத்தனை முறை ஈயக் கட்டி ஒட்டினாலும் இந்த நடுக்கம் போகாது.

எதிர்த்திசையில், ஐ10 சக்கரத்தைச் சிட்டியில் மாட்ட நினைத்தால் துளை சிறிது, ஏறவே ஏறாது. அப்போது லேத்தில் 54.1-ஐ 56.1 ஆகக் கடையலாம். ஆனால் சக்கரத்தின் வெளி விளிம்பைச் சக்கில் பிடித்துக் கடைந்தால், விளிம்பில் இருக்கும் நெளிவு அப்படியே நடுத் துளைக்கும் வந்துவிடும். டயல் கேஜின் முள்ளைப் பழைய நடுத் துளையின் உட்சுவரில் வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் அசையாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கத்தியை வைக்க வேண்டும். நல்ல கடைசல்காரர் இதைச் சொல்லாமலே செய்வார்.

நட்டு விஷயத்தில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று மரை, இன்னொன்று நட்டு வந்து உட்காரும் முகம். மரை காரைப் பொறுத்தது, முகம் சக்கரத்தைப் பொறுத்தது. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களின் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5. மாருதி சுசூகிக்குத் தடிமன் அதே 12, இடைவெளி 1.25. மாருதி நட்டை ஹூண்டாய் ஸ்டட்டில் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றுப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அங்கேயே நிறுத்திவிட்டால் பாதகமில்லை. ஏர் கன்னை வைத்து அடித்தால் உள்ளே போய்விடும், ஆனால் போவது மரையை அறுத்துக்கொண்டு. முதல் மூன்று சுற்றைக் கையால் சுற்ற வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

முகத்தில் மூன்று வகை. ஹூண்டாயும் சுசூகியும் 60 பாகைக் கூம்பு. ஹோண்டா தன் சக்கரங்களுக்குப் பந்து போல உருண்ட முகம் வைத்திருக்கிறது. டொயோட்டாவின் சில அலாய் வீல்களுக்குத் தட்டை வாஷரும் நீண்ட கழுத்தும் கொண்ட நட்டு. உருண்ட குழியில் கூம்பு நட்டைப் போட்டால் இரண்டும் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே. இறுக்கியதுபோல் இருக்கும், நூறு கிலோமீட்டரில் கோடு நசுங்கி இறுக்கம் தளரும்.

ஆகவே அந்த ஐ10-க்கு ஹோண்டா சக்கரம் வாங்கும்போது ஹோண்டா நட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். முகம் சக்கரத்துக்குப் பொருந்தும், மரை 1.5 என்பதால் காருக்கும் பொருந்தும். அதே ஐ10-க்கு ஸ்விஃப்ட் சக்கரம் வாங்கினால் ஸ்விஃப்ட் நட்டைத் தொடவே கூடாது, ஐ10-இன் சொந்த நட்டே போதும். சக்கரத்தோடு நட்டும் இலவசம் என்று கடைக்காரர் அள்ளிக் கொடுக்கும் பையில் எது இருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நட்டின் முகத்துக்கு இவ்வளவு பேச்சு தேவைதானா என்று தோன்றலாம். சக்கரத்தைக் காரில் நிறுத்தி வைப்பது ஸ்டட்டின் குறுக்கு வலிமை அல்ல. 12 மி.மீ. ஸ்டட்டை 100 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்கினால் அது ரப்பரைப் போல நீண்டு, ஏறக்குறைய நான்கு டன் இழுவிசையில் சக்கரத்தை ஹப்போடு அழுத்தும். நான்கு ஸ்டட்டும் சேர்ந்தால் பதினாறு டன்னுக்கு மேல். அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் சக்கரம் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. முகம் சரியாக உட்காராவிட்டால் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் உராய்வு போகும், பிறகு எல்லாப் பாரமும் ஸ்டட்டின் குறுக்கே விழும். பழைய சக்கரத்துக்கு அழகாகப் பெயின்ட் அடித்துத் தரும் கடைகள் ஹப்பைத் தொடும் முகத்திலும் சேர்த்து அடித்துவிடுவது இதே காரணத்தால் தவறு. பெயின்ட் நசுங்கும் அளவுக்கு ஸ்டட் தளர்ந்துவிடும். நட்டு ஸ்டட்டில் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது ஏற வேண்டும். 1.5 மரையில் அது எட்டு முழுச் சுற்று. அலாய் வீலின் நடுப்பகுதி இரும்பைவிடத் தடிமன் என்பதால் சுற்றுகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பழைய சக்கரத்தின் உட்புறத்தில் ‘5½ஜே×14 ஈ.டி.45’ என்பது போல வார்த்தோ குத்தியோ இருக்கும். 14 விட்டம், 5½ அகலம், இரண்டும் இஞ்சில். ஜே என்பது விளிம்பின் வடிவம். ஈ.டி. என்பது ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பைத் தொடும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஈ.டி. குறைந்தால் சக்கரம் வெளியே போகும், கூடினால் உள்ளே போகும்.

5ஜே ஈ.டி.46 சக்கரத்தைக் கழற்றிவிட்டு 6ஜே ஈ.டி.38 மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் ஒரு இஞ்ச் கூடுகிறது, அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஈ.டி. 8 குறைவதால் மொத்தச் சக்கரமும் 8 மி.மீ. வெளியே நகர்கிறது. வெளி விளிம்பு 20.7 மி.மீ. வெளியே போகும், உள் விளிம்பு 4.7 மி.மீ. உள்ளே வரும். இருபது மில்லிமீட்டர் என்பது கட்டைவிரல் அகலம். மட்கார்டின் விளிம்பில் டயர் உரசுவதற்கு அது போதும், ஷாக் அப்சார்பர் பக்கம் மீதமிருக்கும் இடைவெளியை உள்ளே வந்த 4.7 தின்றுவிடும். சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசையும் கூடும். ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரமும் மாறும். மழைக்காலத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையிலிருந்து வெடுக்கென்று திரும்புவது இதன் விளைவு. ஐந்து மில்லிமீட்டருக்குள் மாற்றம் இருந்தால் கவலையில்லை. இருபது என்பது வேறு வண்டி.

பிரேக் காலிப்பருக்கும் அலாய் வீலின் கம்பிகளுக்கும் உள்ள இடைவெளியை எண்ணால் சொல்ல முடியாது, மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

டயரின் மொத்த உயரம் பழையதை ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் அளப்பது சக்கரத்தின் சுற்றுகளைத்தான். 155/80 ஆர்13 டயரின் உயரம் 578 மி.மீ. சிட்டியோடு வந்த 175/65 ஆர்14-இன் உயரம் 583. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள், ஆகவே ஐ10-க்கு அது பொருத்தமான தேர்வு. அதே டயரை 155/70 ஆர்13 போட்ட சான்ட்ரோ ஜிங்கில் மாட்டினால் கதை வேறு. சான்ட்ரோவின் பழைய டயர் உயரம் 547 மி.மீ.தான். ஆறரை சதவீதம் கூடுகிறது. முள் 80 காட்டும்போது வண்டி 85-ல் போகும், ஏற்றத்தில் இழுவை குறையும், திருப்பும்போது உள் பிளாஸ்டிக்கில் உரசும். சான்ட்ரோவுக்கு 14 இஞ்ச் வேண்டுமென்றால் 165/60 ஆர்14 (554 மி.மீ.) போல உயரம் குறைந்த டயரைத் தேட வேண்டும். டயரில் எழுதியிருக்கும் பாரக் குறியீடு எண் பழையதைவிடக் குறையக் கூடாது. 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ, 82 என்றால் 475 கிலோ.

அளவெல்லாம் ஒத்துவந்த பிறகும் சக்கரம் நல்ல சக்கரமா என்ற கேள்வி இருக்கிறது. திருவள்ளூர் நெடுஞ்சாலைப் பள்ளங்களில் அடிபட்ட சக்கரம் வெளிப்பக்கம் பளபளவென்றும் உள் விளிம்பில் நெளிந்தும் இருக்கும். அதனால் பார்க்க வேண்டியது உள் விளிம்பை. விரிசலைக் கண்டுபிடிக்கப் பழைய பட்டறை முறை ஒன்று போதும்: சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்கட்டியை உரச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைச் சாக்கில் மயிரிழை போல ஒரு ஈரக் கோடு எழும்பும்.

விரிசல் விட்ட அலாய் வீலை வெல்டிங் வைத்து விற்பது உண்டு. அலாய் என்பது சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியம். வார்த்தபின் 540 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் தோய்த்து, மறுபடி 150 பாகைச் சுற்றில் மணிக்கணக்காக வைத்த பிறகே அதற்கு அந்த வலிமை வருகிறது. வெல்டிங் சுடரும் நெளிவு எடுக்கும் கேஸ் சுடரும் அந்த ஒரு இடத்தில் அத்தனை பதத்தையும் அழித்துவிடுகின்றன. இரும்புச் சக்கரத்தின் சிறு நெளிவைத் தட்டி எடுக்கலாம். ஒட்டுப்போட்ட அலாய் வீலைக் காயலான் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஜப்பானியத் தரக் குறியான ஜே.டபிள்யூ.எல். வார்ப்பில் இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அது சக்கரம் பிறந்தபோது இருந்த நிலையைச் சொல்லும், பள்ளத்தில் விழுந்த பிறகான நிலையைச் சொல்லாது.

மாட்டும்போது ஹப்பின் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளைக் கையால் ஓட்டி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் கொடுக்க வேண்டும். ஐ10 போன்ற காருக்கு அது 88 முதல் 107 நியூட்டன்-மீட்டர். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தால் உரசல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை நட்டுகளை இறுக்கிப் பார்ப்பது விருப்பம் அல்ல, கட்டாயம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் சக்கரத்தோடு பூந்தமல்லியின் டி.என்.12 அலுவலகத்துக்கோ அம்பத்தூரின் டி.என்.13 அலுவலகத்துக்கோ பதிவைப் புதுப்பிக்கப் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாகலாம். காரின் கையேட்டில் உயர் ரகத்துக்கு என்று போட்டிருக்கும் சக்கர அளவுக்குள் நின்றுகொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு சக்கரமும் ஹோண்டாவாகிவிட்ட ஐ10-இன் டிக்கியில் படுத்திருப்பது இன்னும் பழைய ஹூண்டாய் இரும்புச் சக்கரம்தான். அதற்கு ஹோண்டாவின் உருண்ட நட்டு ஆகாது. ராத்திரி பத்து மணிக்குத் திருமழிசை அருகே பஞ்சரானால் இந்த விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வரும். கழற்றிய பழைய கூம்பு நட்டுகளில் நான்கை ஒரு துணியில் முடிந்து, ஜாக்கியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.